170 ரூபாய்த் திரையும் இரண்டு தெரு நீள வீடும்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் நான் பார்த்துக்கொள்கிற வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் இருப்பவருக்குக் கேட்காது. மோட்டார் சுவிட்ச் முகப்பை ஒட்டிய அறையில், தண்ணீர்த் தொட்டியோ பின்கட்டு மாடியில். வீட்டில் இருக்கும் ஆச்சி காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுச் சாமி கும்பிட உட்கார்ந்தால், தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் பின்தெருக்காரர்களுக்குத்தான் கேட்கும். அவர்கள் தெருவைச் சுற்றி வந்து முன்வாசலில் சொல்வதற்குள் அரைத் தொட்டித் தண்ணீர் சாக்கடைக்குப் போயிருக்கும். மழையை நம்பி ஊருணி வெட்டி வாழ்ந்த சீமை இது. தண்ணீர் வழிந்தால் ஊர் சும்மா இருக்காது.

அதற்கு மருந்தாக வாங்கியதுதான் இந்த 16 பை 2 எல்சிடி திரை. வரிக்குப் 16 எழுத்து, இரண்டு வரி. நான்கு மாதம் அதோடு மல்லுக்கட்டிய பிறகு இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். வாங்கிய அன்றே எழுதியிருந்தால் ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டித் தீர்த்திருப்பேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்தவன். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் நாடு முழுக்க ஒரே நாளில் வெளியே வந்த பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். கம்பி தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. காரைக்குடியில் இன்ஜினியரிங் படிக்கிற பேரன்தான் ஆர்டுயினோ ஊனோ என்கிற, நிரல் ஏற்றி ஓட்டுகிற சின்னக் கணினிப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்து, "தாத்தா, இதுல ஒரு திரையை மாட்டினா தொட்டியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு முகப்புல இருந்தே பாக்கலாம்" என்று ஆசை காட்டினான். காட்டியவன் செமஸ்டர் பரீட்சை என்று போய்விட்டான். அப்புறம் எல்லாம் என் பாடு.

முதலில் வாங்கியது ஆன்லைனில். நீலப் பின்னொளியில் வெள்ளை எழுத்து, முதுகில் ஐ-டூ-சி பலகை பற்றவைத்தே வந்தது, 170 ரூபாய். இந்தத் திரைக்குச் சொந்தமாக 16 கால். அத்தனைக்கும் தனித்தனியாகக் கம்பி இழுத்தால் மேசை இடியாப்பம் ஆகிவிடும். முதுகுப் பலகை இருந்தால் நான்கே கம்பி: கிரவுண்ட், 5 வோல்ட், தகவல் போக எஸ்டிஏ, அதற்குத் தாளம் போட எஸ்சிஎல். ஊனோவில் எஸ்டிஏ-க்கு ஏ4, எஸ்சிஎல்-க்கு ஏ5. இருபது முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று முதுகுப் பலகை இல்லாததை வாங்காதீர்கள்.

பெட்டியைப் பிரித்ததுமே கண்ணில் பட்டது பற்றவைப்பு. 16 காலில் நான்கில் ஈயம் உருண்டையாக நின்றது. காலைச் சுற்றி வழிந்து பிடித்திருக்க வேண்டியது, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஒட்டாமல் கிடந்தது. தொலைபேசியில் கரகர சத்தம் வந்தால் பத்துக்கு எட்டு இந்த மாதிரி ஜாயின்ட்தான். கை பழகிய வேலை என்பதால் நானே சூடு காட்டிச் சரி செய்துகொண்டேன். பற்றுக்கோல் இல்லாதவர் என்ன செய்வார்? விற்ற கடைக்கு எழுதினேன். "படம் அனுப்புங்கள்" என்றார்கள், அனுப்பினேன், அதோடு சரி.

மின்சாரம் கொடுத்தேன். திரை நீலமாக ஒளிர்ந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை. நிரலில் தப்பு என்று நினைத்து ஒன்பது தடவை திரும்பத் திரும்ப ஏற்றினேன். இரண்டு மாலை இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு காரைக்குடி செக்காலைப் பக்கம் இருக்கும் உதிரிபாகக் கடைக்குப் போனேன். ஆள் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டிய அளவுக் கடை. அங்கே இருந்த பையன் திரையைக் கையில் வாங்கக்கூட இல்லை. "ஐயா, பின்னாடி நீலக் கட்டை ஒண்ணு இருக்கே, அதைத் திருகினீங்களா?"

திருகவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

மூக்குக்கண்ணாடி ரிப்பேருக்கு வைத்திருக்கிற குட்டி ஸ்க்ரூடிரைவரை அவன் நீட்டினான். முதுகில் சுண்டுவிரல் நகம் அளவு நீலக் கட்டை, அதன் நடுவில் வெள்ளையாக ஒரு கூட்டல் குறி. வலப்பக்கம் மெதுவாகத் திருகினேன், ஒன்றும் இல்லை. இடப்பக்கம் திருகினேன். நீலத்துக்குள்ளிருந்து மேல்வரியில் கட்டம் கட்டமாக ஏதோ வந்தது, குளத்தடியில் கிடக்கிற கல் கலங்கல் தெளியத் தெளியத் தெரிகிற மாதிரி. இன்னும் ஒரு முடி அளவு. 16 வெள்ளைக் கட்டம் பளிச்சென்று நின்றது. அதற்கும் மேலே போனால் திரை முழுக்க வெளிறிவிடுகிறது. பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வோல்ட்டுக்குள் ஓரிடத்தில்தான், எழுத்து எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்பதை முடிவு செய்கிற இந்தக் கான்ட்ராஸ்ட் கால் சரியாக நிற்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது எங்கே நிற்கும் என்பது அதிர்ஷ்டம். பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டில் "பின்னால் திருகவும்" என்று இரண்டு வார்த்தை போட்டிருந்தால் எனக்கு இரண்டு மாலை மிச்சம்.

கட்டம் வந்ததும் நான் சந்தோஷப்பட்டேன். பையன் படவில்லை. மேல்வரி மட்டும் கட்டமாக இருந்து கீழ்வரி காலியாக இருந்தால், திரைக்கு மின்சாரம் வந்திருக்கிறது, பேச்சு வரவில்லை என்று அர்த்தமாம். உள்ளே இருக்கிற சிப், ஹிட்டாச்சி கம்பெனியின் எச்டி44780 வகை. 1980-களில் வந்த வடிவமைப்பு, இன்றைக்கும் சீனாவில் வார்க்கிற திரைகள் அதையே பின்பற்றுகின்றன. மின்சாரம் வந்ததும் அது தன்னை ஒற்றை வரித் திரை என்று நினைத்துக்கொண்டு கட்டங்களைக் காட்டி உட்கார்ந்துவிடும். "உனக்கு இரண்டு வரி, இனி நான்கு கம்பியில் பேசுவோம்" என்று நிரல் சொன்ன பிறகுதான் வேலையைத் தொடங்கும். தொலைபேசியில் டயல் டோன் வந்துவிட்டது, நம்பர் இன்னும் சுற்றவில்லை என்ற நிலை. எனக்கு அப்படிச் சொன்னால்தான் புரிந்தது.

பேச்சு ஏன் போகவில்லை? விலாசம் தப்பு. முதுகுப் பலகையில் இருக்கும் சிப் பிசிஎஃப்8574 என்றால் பதினாறடிமான எண்ணில் (9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எண்ணுகிற முறை) அதன் விலாசம் 27. பெயர்க் கடைசியில் ஏ சேர்ந்த வகை என்றால் 3எஃப். இணையத்தில் கிடைக்கிற நிரல்களில் பெரும்பாலும் 27 என்றே எழுதியிருக்கிறது, எனக்கு வந்தது ஏ வகை. 27-ஆம் எண் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி ஊனோ ஓய்ந்துபோயிருக்கிறது. ஐ-டூ-சி ஸ்கேனர் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. எல்லா விலாசத்தையும் வரிசையாகத் தட்டிப் பார்த்து, எங்கிருந்து பதில் வந்தது என்று சொல்லும். எங்கள் காலத்தில் கேபிளில் ஜோடி தேடுவதற்கு டோன் அனுப்புவோமே, அதேதான். இந்தத் திரையை வாங்குகிறவர் முதல் வேலையாக அதை ஓட்டட்டும். ஸ்கேனர் ஒன்றையும் காணோம் என்றால் கம்பியில் குறை, ஏ4-உம் ஏ5-உம் மாறியிருக்கும் அல்லது ஜாயின்ட் விட்டிருக்கும். விலாசத்தைச் சொல்லிவிட்டது, ஆனாலும் எழுத்து வரவில்லை என்றால் நிரலில் பாருங்கள். இந்தத் திரைக்கு ஒரே பெயரில் இரண்டு மூன்று நூலகம் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) உலவுகிறது. ஒன்று "இனிட்" என்றால் கேட்கும், இன்னொன்று "பிகின்" என்றால்தான் கேட்கும்.

3எஃப் என்று மாற்றியதும் "ஹலோ" வந்தது. கடைப் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த சோதனை ஆச்சி. ஆச்சிக்கு வயது எண்பதுக்கு மேல், ஆங்கிலம் வேண்டாம் என்பார். "தமிழ்ல தெரியாதாப்பா?" என்றார். சரி என்று நிரலில் தமிழிலேயே அடித்தேன். அகரத்தை அனுப்பினால் திரையில் கிரேக்க ஆல்பா ஒன்று, பக்கத்தில் ஒரு குட்டி ஜப்பானிய எழுத்து, அப்புறம் ஒரு காலி இடம். காரணம் பிற்பாடு விளங்கியது. கணினியில் ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட்டாக, அதாவது மூன்று துண்டாகப் போகிறது. திரைக்குள் தமிழே இல்லை, ஜப்பானிய எழுத்து அட்டவணைதான் செதுக்கியிருக்கிறது. அது மூன்று பைட்டையும் தனித்தனியாகப் படித்துத் தனக்குத் தெரிந்ததைக் காட்டுகிறது. நாமே வரைந்துகொள்ள எட்டு எழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் குறுக்கே 5 புள்ளி, நெடுக 8 புள்ளி. "ட", "ப" எல்லாம் நேர்கோடு என்பதால் அழகாக வரும். "நீர்" என்று எழுதப் பார்த்தேன். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "என்னப்பா, நண்டு மாதிரியில்ல இருக்கு" என்றார்.

அதனால் எழுத்தை விட்டுவிட்டுப் பட்டைக்குப் போனேன். அந்த எட்டு இடத்தில் நான்கை எடுத்து ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று, நான்கு என்று வரைந்தேன். முழுக் கட்டம் திரைக்குள்ளேயே 255-ஆம் எழுத்தாக இருக்கிறது. 16 கட்டம், கட்டத்துக்கு 5 கோடு, மொத்தம் 80. தொட்டி 2,000 லிட்டர். அப்படியானால் ஒரு கோடு 25 லிட்டர், ஏறக்குறைய ஒன்றரைக் குடம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழுகிறது, அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆச்சிக்கு அதுவே சௌகரியம், கட்டத்தை எண்ணிப் பார்த்து "அஞ்சு கட்டம் இருக்கு, சாயங்காலம் போட்டுக்கலாம்" என்கிறார். கீழ்வரியில் எண்ணும் சதவீதமும் எனக்காக.

நீலத் திரையின் குறை முகப்பில் வைத்த அன்றுதான் தெரிந்தது. இருட்டில் சினிமாக் கொட்டகை மாதிரி ஜொலிக்கிறது. காலை எட்டு மணி வெயில் திண்ணை தாண்டி உள்ளே விழுந்தால் எழுத்து இருக்கிற இடம் தெரியவில்லை. நீலத்தில் வெள்ளை எழுத்து என்பது பின்னொளியை மட்டும் நம்பியது, வெளிச்சத்தோடு அதனால் போட்டி போட முடியாது. செக்காலைக் கடையில் மஞ்சள்பச்சைத் திரை 240 ரூபாய்க்குக் கிடைத்தது. அதில் கறுப்பு எழுத்து. வெளிவெளிச்சம் கூடக் கூட நன்றாகத் தெரியும், பகலில் பின்னொளியே வேண்டாம். பார்க்கப் பழங்காலத்துக் கால்குலேட்டர் மாதிரி இருக்கும், பேரன் முகம் சுளித்தான். திறந்த முற்றமும் வெயில் விழுகிற முகப்பும் உள்ள வீட்டுக்குப் பச்சைதான் சரி. நீலம் இப்போது என் மேசையில் சோதனைக்குக் கிடக்கிறது.

இனிமேல் சொல்லப்போகிற குறைக்குத் திரை பொறுப்பில்லை. வீடுதான் பொறுப்பு. இருந்தாலும் இந்தச் சீமையில் என்னைப் போல யாராவது முயல்வார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஊனோவைத் தொட்டியடியில் வைத்து, திரையை முகப்பில் வைத்து, நடுவே நான்கு கம்பி இழுத்தேன். ஏறக்குறைய 50 மீட்டர். முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரில் ஆணி அடிக்க ஆச்சி விடமாட்டார். பழைய அழைப்புமணி கம்பி போன வழியிலேயே, தேக்கு உத்தரத்தை ஒட்டி, நடுமுற்றம் உள்ள வளவைச் சுற்றி, இரண்டாம் கட்டைத் தாண்டி, அரை மில்லி செம்புத் தொலைபேசிக் கம்பியைக் கொண்டுபோனேன். ஒரு நாள் வேலை. சுவிட்சைப் போட்டால் மறுபடியும் மேல்வரியில் கட்டம், கீழ்வரி காலி.

திரையை அவிழ்த்துத் தொட்டியடிக்குக் கொண்டுபோய் மாட்டினால் வேலை செய்கிறது. முகப்புக்கு வந்தால் கட்டம். மல்டிமீட்டரை வைத்தேன். அந்த முனையில் 5 வோல்ட், இந்த முனையில் நாலரை. அரை மில்லிக் கம்பி போய்வரக் கிலோமீட்டருக்கு 170 ஓமுக்கு மேல் என்பது எனக்கு மனப்பாடம், 50 மீட்டருக்கு ஒன்பது ஓம் பக்கம் வரும். அந்த அரை வோல்ட் போனதில் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பேச்சு அறுந்ததற்கு அது காரணமில்லை.

காரணம் கெபாசிடன்ஸ். கம்பி தானே கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற குணம் அது, கூடினால் சிக்னல் மழுங்கிவிடும். ஐ-டூ-சி என்பதே பிலிப்ஸ் கம்பெனி 1982-இல் டிவி மாதிரிப் பெட்டிகளுக்குள் ஒரு சிப் இன்னொரு சிப்போடு பேசுவதற்காக உண்டாக்கியது. ஒரே அறைக்குள் கிசுகிசுப்பதற்கான பாஷை. கம்பியின் கெபாசிடன்ஸ் 400 பிகோபாரட் வரைக்கும்தான் அதற்குக் கணக்கு. தொலைபேசிக் கேபிளுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 50 நானோபாரட் என்று படித்தது ஞாபகம் வந்தது. மீட்டருக்கு 50 பிகோ. அப்படியானால் எட்டு மீட்டரிலேயே 400 முடிந்துவிட்டது. எட்டு மீட்டர் என்பது இந்த வீட்டில் முகப்பிலிருந்து வளவுக்குள் கால் வைக்கிற தூரம். முப்பத்தொரு வருடம் கம்பியோடு வாழ்ந்தவனுக்கு இது முதலிலேயே தோன்றவில்லையே என்று என்மேல் எனக்கே கோபம்.

திருத்தம் இப்படி. ஊனோவைத் திரைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தேன், இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் கம்பி. தொட்டியடியில் நானோ என்கிற சின்ன ஆர்டுயினோ பலகை ஒன்று, அதோடு ஒலி அனுப்பி எதிரொலியில் தூரம் அளக்கிற, நீர்புகாத அல்ட்ராசோனிக் சென்சார். நடுவில் பேசுவதற்கு இரண்டு முனையிலும் மேக்ஸ்485 சிப் உள்ள சின்னப் பலகை. ஆர்எஸ்485 என்கிற அந்த முறை முறுக்கிய ஜோடிக் கம்பியில், மெதுவான வேகத்தில், 1,200 மீட்டர் வரை போகும். நான் ஏற்கெனவே இழுத்திருந்த கம்பியும் முறுக்கிய ஜோடிதான்! ஒரு ஜோடியில் பேச்சு, இன்னொன்றில் கிரவுண்ட், இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பின்கட்டில் தனியாக ஒரு செல்போன் சார்ஜர். ஊனோவில் அந்தப் பலகையை 0, 1 கால்களில் மாட்டினால் நிரல் ஏற்றும்போது கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏறாது. சென்சாருக்கு 20 சென்டிமீட்டருக்குக் கிட்டே கண் தெரியாது என்பதால் தொட்டி மூடிக்கு மேலே ஒரு துண்டுக் குழாய் வைத்து உயர்த்தினேன்.

எல்லாம் ஓடியது. நாலாம் நாள் மோட்டாரைப் போட்டதும் திரையில் கிறுக்கல். ஊனோ ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பாதியாக வெட்டித்தான் திரைக்கு அனுப்புகிறது. மோட்டார் கிளம்புகிற அதிர்ச்சியில் ஒரு பாதி தவறினால், அப்புறம் வருகிறதெல்லாம் ஒரு பாதி தள்ளியே சேரும். தானாகச் சரியாகாது. திரையின் மின்சாரக் கால்களுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபாரட் கெபாசிட்டர் ஒன்று பற்றவைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையை முதலிலிருந்து தொடங்கச் சொல்லி நிரலிலும் ஒரு வரி சேர்த்தேன். அதற்குப் பிறகு கிறுக்கல் வந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை.

ஆச்சி கண்டுபிடித்த குறை ஒன்று உண்டு. "100%" இருந்த இடத்தில் "99%" எழுதினால் பழைய கடைசி எழுத்து அழியாமல் "99%%" என்று நிற்கிறது. "அது ஏம்ப்பா ரெண்டு சுழி?" என்றார். ஒவ்வொரு தடவையும் திரையை முழுக்கத் துடைத்து எழுதினால் கண் சிமிட்டுகிற மாதிரி விட்டுவிட்டுத் தெரியும். அதனால் எண்ணுக்குப் பின்னால் இரண்டு காலி இடம் சேர்த்து எழுதுகிறேன், பழையது தானே மறைகிறது.

நட்சத்திரம் கேட்டால் பச்சைத் திரைக்கு நாலரை, கான்ட்ராஸ்ட் கட்டைக்குச் சீட்டு வைக்காததற்கு அரை குறைத்தேன். நீலத்துக்கு மூன்று, இருட்டறைக்கு வாங்குகிறவர் வேண்டுமானால் நாலு போட்டுக்கொள்ளலாம். பற்றவைப்பைக் கவனிக்காமல் அனுப்பிய ஆன்லைன் கடைக்கு ஒன்று. செக்காலைக் கடைக்கு ஐந்து, பொருளை விற்பதற்கு முன்னால் மேசையிலேயே மாட்டி எழுத்து வரவழைத்துக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குகிறான் அந்தப் பையன். வேலை செய்த கூலியைத் தள்ளினால் கம்பி உட்பட மொத்தச் செலவு 2,000 ரூபாய்க்குள். 3.3 வோல்ட் பலகை வைத்திருப்பவர்கள் மட்டும் யோசித்து வாங்குங்கள். இந்தத் திரை 5 வோல்ட்டுக்குப் பிறந்தது, குறைத்துக் கொடுத்தால் எழுத்து ஆவி மாதிரித்தான் நிற்கும்.

திரையைப் பழைய தொலைபேசிப் பெட்டி ஒன்றில் சன்னல் வெட்டி மாட்டியிருக்கிறேன். ஒரு குறை பாக்கி. ராத்திரியில் அந்தப் பச்சை வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது. போன வாரம் பல்லி மேல்வரி முழுக்க நீட்டிப் படுத்துக்கொண்டது. ஆச்சி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "தொட்டி நெறஞ்சிருக்குப்பா" என்று போய்ப் படுத்துவிட்டார். காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இப்போது மோட்டார் போடுகிற நேரம் வந்தால் முதலில் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டுகிறார், அப்புறம்தான் கட்டத்தை எண்ணுகிறார்.